கேம் மாற்றிய ஏடிவி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி மேலே ஏறினால் குமுளி, வண்டன்மேடு, பூப்பாறை, சூரியநெல்லி என்று எல்லாப் பக்கமும் ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி, ஓடுகிறது. ஏலத்தோட்டத்தில் மருந்து டேங்கும் உர மூட்டையும் இழுப்பது ஒரு ரகம். ரிசார்ட் வளாகத்தில் சுற்றுலா வருகிறவர்கள் ஓட்டுவது 110, 150 சிசி சின்ன ரகம். சேற்றிலும் மேட்டிலும் பாய்ச்சுவதற்கென்றே 450 சிசி குவாட் வைத்திருக்கும் பையன்களும் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மூன்று ரகத்துக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, கூடுதல் பலத்துக்கென்று வடித்தது) வாங்கிப் போடுகிறார்கள். போட்ட பிறகு வண்டி சரியில்லை என்றால் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். வேலை கெடுவதும் அங்கேதான்.

கேம் மாற்றிய எஞ்சினில் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் சின்னத் துளைத் திருகு) தொடுவது கடைசி வேலை. முதலில் வால்வு டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்), அடுத்து டேப்பெட் கேப் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளி), பிறகு கம்ப்ரஷன், அதற்கப்புறம் பெட்ரோலும் காற்றும். இந்த வரிசை மாறினால், தப்பான டைமிங்குக்குப் பொருந்துகிற ஜெட்டைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு ஜெட் கிடையாது.

கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு. உங்கள் எஞ்சினுக்கு மேனுவலும், கேமோடு வந்த தாளும் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாத கேமை வாங்கவே வாங்காதீர்கள்.

ஸ்பேனரால் சுற்றும்போதே முட்டி நிற்கிறது

கேம் பூட்டி, டைமிங் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரை விட்ட பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட் (கிராங்க் முனையில் இருக்கும் காந்தச் சக்கரம்) பக்கத்து நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் கையால் நிதானமாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும். அதனால் குறைந்தது நாலு சுற்றாவது சுற்றிப் பாருங்கள். இந்த வேலையை செல்ஃப் மோட்டாரிடம் விடக்கூடாது. அதற்கு எது தடுக்கிறது என்று தெரியாது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

ஸ்பிரிங் தரும் எதிர்ப்பும் வால்வு பிஸ்டனில் படுவதும் கைக்கு வேறு வேறாகத் தெரியும். ஸ்பிரிங் எதிர்ப்பு மெல்ல ஏறும், கேம் மூக்கு (வால்வைத் தள்ளும் புடைப்பு) தாண்டியதும் ஸ்பேனரைத் தானே முன்னால் தள்ளும். வால்வு பட்டால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கெட்டியாக நிற்கும், அதற்கு மேல் ஒரு டிகிரி கூட நகராது. நகராத இடத்தில் நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பார்த்தவர்களின் வால்வுதான் வளைகிறது.

முதல் சந்தேகம் செயின் பல் மாறியிருப்பது. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 32 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் மாறினால் கேமில் 11.25 டிகிரி, கிராங்கில் 22.5 டிகிரி தப்பு. இன்டேக் (கலவை உள்ளே வரும் பக்கம்) கேம் ஒரு பல் முன்னால் போனாலும், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) கேம் ஒரு பல் பின்தங்கினாலும் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவிடும். இன்டேக் பின்தங்கினாலோ எக்ஸாஸ்ட் முந்தினாலோ இடிக்காது, ஆனால் வண்டி இழுக்காது. எந்தப் பக்கம் மாறியது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பல் எப்படி மாறுகிறது? பெரும்பாலும் டென்ஷனரால்தான். டென்ஷனரைச் சுருக்காமல் கேமைக் கழற்றினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கம்பியை முழுசாக வெளியே தள்ளிவிடும். அப்புறம் அந்த இறுக்கத்தோடு புது கேமைத் திணிக்கிறார்கள். சரியான முறை இது: டென்ஷனரைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே சுற்றிப் பூட்டி வைத்துவிட வேண்டும். கேம் இல்லாத நேரமெல்லாம் செயினை ஒரு கம்பியால் மேலே தூக்கிக் கட்டி வைக்க வேண்டும். தளர விட்டால் கீழே கிராங்க் பல்லில் சுருண்டு சிக்கும். செயின் குழியில் சுத்தமான துணி அடைக்கவும் மறக்காதீர்கள். அந்தக் குழிக்குள் ஒரு கிளிப் விழுந்தால் பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

செயினை மாட்டும்போது, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வே இருக்கக்கூடாது. பெரும்பாலான எஞ்சினில் அது முன்பக்கம், எக்ஸாஸ்ட் பக்கம். முதலில் எக்ஸாஸ்ட் கேமைக் குறிக்கு நேராக வைத்து, கிராங்கிலிருந்து அது வரைக்கும் செயினை விறைப்பாக இழுங்கள். அடுத்து எக்ஸாஸ்டுக்கும் இன்டேக்குக்கும் நடுவிலும் விறைப்பு. மிச்சத் தொய்வு எல்லாம் பின்பக்கம், டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். டென்ஷனரை விட்ட பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி, மேக்னட்டில் டி குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது) நேராக வந்ததும் மறுபடியும் குறிகளைப் பாருங்கள். சுற்றுவதற்கு முன்னால் சரியாக இருந்த குறிக்கு மதிப்பில்லை. சுற்றிய பிறகு நிற்கும் குறிதான் கணக்கு.

சின்ன ரிசார்ட் வண்டிகளுக்குக் குறி எளிது. 110, 125 சிசி படுக்கை எஞ்சினில் மேக்னட்டில் டி, கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சின்னப் புள்ளி ஹெட்டின் வெட்டுக்கு நேர். ஜிஒய்6 வகை 150 சிசி எஞ்சினில் ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு சின்னத் துளைகளும் ஹெட்டின் விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும், பெரிய துளை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

பல் சரியாக இருந்தும் முட்டுகிறது என்றால், கேமின் லிஃப்டே (வால்வைத் திறக்கும் தூரம்) அந்தப் பிஸ்டனுக்கு அதிகம். இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். குழந்தைகள் விளையாடும் க்ளே போதும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வுக் குழிகளில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு, தடிமனாக க்ளேயை அப்புங்கள். ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு டார்க் (மேனுவல் சொல்லும் இறுக்க அளவு) வைத்து இறுக்கி, டைமிங் கட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கழற்றுங்கள். க்ளேயில் வால்வின் பிறை வடிவம் அப்படியே பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டினால், பிறையின் அடியில் மிஞ்சிய க்ளேதான் உங்கள் இடைவெளி. வெர்னியரை வைத்து அளங்கள். சிங்கிள் சிலிண்டர் வண்டிகளுக்கு இன்டேக் பக்கம் 1 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 1.5 மி.மீ. என்று பலரும் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறார்கள். கேம் தாள் அதற்கு மேல் கேட்டால் தாள் சொல்வதே சரி. புது கேஸ்கெட் மெல்லியதாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் ஏன் கூடுதல் என்றால், அந்த வால்வு சூட்டில் அதிகம் நீளும். அதிவேகத்தில் ஸ்பிரிங் தளர்ந்தால் பிஸ்டன் துரத்திப் பிடிப்பதும் அதைத்தான்.

டிடிசி (பிஸ்டன் உச்சியில் இருக்கும்) நேரத்தில்தான் வால்வு இடிக்கும் என்று நினைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு டிடிசிக்குச் சுமார் 10 டிகிரி முன்னாலும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்னாலும்தான் மிக நெருங்குகின்றன. டிடிசியில் மட்டும் பார்த்துவிட்டு "இடம் இருக்கு" என்று மூடினால் ஏமாந்து போவோம்.

எல்லாம் சரி, ஆனாலும் சுற்றுவது இறுக்கமாக இருக்கிறது என்றால் கேம் மூடிகளைப் பாருங்கள். அந்த மூடிகள் ஹெட்டோடு சேர்த்தே துளை கடையப்பட்டவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடக்கூடாது, அம்புக்குறி மாறக்கூடாது, டவல் பின் (மூடியை இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசி) விட்டுப்போகக்கூடாது. பல எஞ்சின்களில் இந்த போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வேண்டும். கை உணர்வில் இறுக்கினால் அலுமினிய மரை உருவி வந்துவிடும். நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் இறக்குங்கள். லிஃப்ட் உயர்ந்த கேமில் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப் போவதும் உண்டு. முழு லிஃப்டில் சுருள்களுக்கு நடுவில் மொத்தமாக 1 மி.மீ. அளவாவது மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் அந்தக் கேமுக்குச் சொன்ன ஸ்பிரிங்கை வாங்காமல் மேலே போகாதீர்கள்.

செல்ஃப் லேசாகச் சுற்றுகிறது, கம்ப்ரஷன் இல்லை

கையால் சுற்றும்போது எந்த இடத்திலும் காற்று எதிர்க்கவில்லை, செல்ஃப் அடித்தால் விசிறி மாதிரி ஓடுகிறது. பலரும் உடனே பிஸ்டன் ரிங் போச்சு என்று சொல்வார்கள். கேம் மாற்றும் வரைக்கும் நன்றாக இருந்த ரிங் ஒரே ராத்திரியில் போகாது.

முதலில் டேப்பெட் கேப். அளப்பது கம்ப்ரஷன் டிடிசியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது. டிடிசி இரண்டு முறை வரும். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருக்கும் டிடிசியில் ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டால் எல்லா அளவும் பொய். எந்த கேம் மூக்கும் பக்கெட்டை (வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) அழுத்தாத டிடிசிதான் நமக்கு வேண்டியது. ட்வின் கேமில் பெரும்பாலும் இரண்டு மூக்கும் ஒன்றை ஒன்று விட்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்கும்.

புது கேமின் பேஸ் சர்க்கிள் (மூக்கு இல்லாத வட்டப் பகுதி) பழையதைவிடச் சின்னதாகவோ பெரியதாகவோ இருக்கலாம். பழைய கேமையே அரைத்து வடிவம் மாற்றியது என்றால் நிச்சயம் சின்னதாகத்தான் இருக்கும், அங்கே தடிமனான ஷிம் (கேப்பைச் சரிசெய்யும் சின்ன வட்டத் தகடு) தேவைப்படும். பெரியதாக இருந்தால் கேப் மூடிப்போய், வால்வு சீட்டில் உட்காராமலே தொங்கும். கம்ப்ரஷன் போகும் வழி அதுதான். பழைய ஷிம்மை அப்படியே போட்டு மூடுவது கேம் வேலையில் மிகவும் ஆபத்தான சோம்பல்.

கணக்கு: பழைய ஷிம் அளவு, அதோடு அளந்த கேப்பைக் கூட்டி, வேண்டிய கேப்பைக் கழிக்க வேண்டும். 1.75 ஷிம்மில் கேப் 0.25 வருகிறது, வேண்டியது 0.15 என்றால், 1.75 + 0.25 - 0.15 = 1.85. ஷிம்கள் பெரும்பாலும் 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும். பழைய ஷிம்மில் எழுதிய எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள், தேய்ந்திருக்கும். யமஹா ஒய்எஃப்இசட்450 முதல் தலைமுறையில் இன்டேக் மூன்று, எக்ஸாஸ்ட் இரண்டு, ஆக ஐந்து வால்வு, ஐந்து ஷிம். எது எந்தப் பக்கெட்டிலிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி வைக்காமல் ஒன்றையும் எடுக்காதீர்கள். ராப்டர் 700 மாதிரி ராக்கர் ஆர்மும் (வால்வை அழுத்தும் நெம்பு கை) திருகும் உள்ள சிங்கிள் கேம் எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை, திருகிவிட்டு லாக் நட்டை இறுக்கினால் முடிந்தது.

கேப் சரியென்றால் டீகம்ப்ரஷரைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கேமில் ஒரு சின்னப் பின், ஸ்பிரிங், எடை: எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கி செல்ஃபின் பாரத்தைக் குறைக்கும், வேகம் பிடித்ததும் விலகிக்கொள்ளும். புது கேமுக்கு மாற்றும்போது அந்தப் பின் மாட்டிக்கொண்டு விலகாமல் நின்றால் கம்ப்ரஷன் எப்போதும் கசியும். விரலால் எடையை நகர்த்தினால் பின் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். டீகம்ப்ரஷர் வேலை செய்யும் எஞ்சினில் கம்ப்ரஷன் கேஜ் எப்போதுமே குறைத்துத்தான் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லீக் டவுன் சோதனை. கம்ப்ரஷன் டிடிசியில் நிறுத்தி, கிராங்க் சுற்றாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, பிளக் துளை வழியே காற்று ஏற்றுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், கிராங்க் கேஸ் ப்ரீதரில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். 10 சதவீதத்துக்குள் கசிவு என்றால் நல்ல எஞ்சின். 20 தாண்டினால் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். முன்பு ஒருமுறை முட்டிய எஞ்சின் என்றால் வால்வு வளைந்திருக்கும், அந்தச் சீறலே சொல்லிவிடும்.

செல்ஃப் திணறுகிறது, திருப்பி அடிக்கிறது

மேலே சொன்ன டீகம்ப்ரஷர் புது கேமில் இல்லவே இல்லாமல் இருக்கலாம். ரேஸ் கேம் சிலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது நல்ல பேட்டரியும் தடித்த கேபிளும் வேண்டும். கிக்கர் வண்டியில் கால் மூட்டுக்கு ஆபத்து, கவனம். மேக்னட்டைக் கழற்றியிருந்தால் கிராங்க் சாவியையும் பாருங்கள். அரை நிலாச் சாவி பாதி வெட்டுப்பட்டால் ஸ்பார்க் முந்திவிடலாம், டி குறியும் பொய் சொல்லும். அந்தக் குறியை நம்பிக் கட்டிய கேமும் சேர்ந்தே தப்பாகும்.

கார்புரேட்டர் வழியே துப்புகிறது, சைலன்சரில் வெடிக்கிறது

இரண்டும் ஒன்றல்ல. கார்புரேட்டர் பக்கம் தும்மினால் இன்டேக் வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை. டைமிங் தப்பு, அல்லது இன்டேக் கேப் இல்லை. இதை விட்டுவிட்டு ஓட்டினால் வால்வு முகம் கருகும்.

சைலன்சரில் ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் படபடவென்று வெடித்தால், டைமிங்கும் கேப்பும் சரியென்று பார்த்த பிறகு, கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று எடுத்துக்கொள்ளலாம். சைலன்சர் கேஸ்கெட்டில் காற்று உள்ளே வந்தாலும் இதே சத்தம்தான். இப்போது பங்கில் வருவது இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது). எத்தனால் கூடக்கூட அதே ஜெட்டில் கலவை லீன் ஆகும். பழைய ஜெட் கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கமாக உயரம் வேலை செய்கிறது. கீழே போடியில் சரியாக இருந்த ஜெட், சுமார் 1,600 மீட்டரில் இருக்கும் மூணாறுக்குப் போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. வண்டி எங்கே ஓடுகிறதோ அந்த உயரத்தில் ஜெட் பாருங்கள், பட்டறை எங்கே இருக்கிறதோ அங்கே வேண்டாம்.

ஐடில் நிற்கவில்லை

பெரிய கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். அதனால் ஐடிலில் கொஞ்சம் தாவுவது இயல்பு. ஐடிலை 1,700, 1,800 ஆர்பிஎம் அளவுக்கு உயர்த்திப் பாருங்கள், பைலட் ஜெட்டை (ஐடிலுக்கான ஜெட்) ஒரு படி மாற்றிப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்டேக் வெற்றிடம் குறைவதால் ஈசியு (எஞ்சினின் கணினி) ஏமாறும், கேமுக்கு ஏற்ற மேப் (அதில் ஏற்றும் பெட்ரோல் அட்டவணை) இல்லாமல் அது அடங்காது. இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் டைமிங்கை அளந்து பாருங்கள். அளப்பது எப்படி என்பது அடுத்ததில் வருகிறது.

ஏற்றத்தில் இழுவை போய்விட்டது

இந்தப் பக்கத்தில் அதிகம் வரும் குறை இதுதான், அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். தோட்டத்து ஓட்டுநர் வந்து நிற்பார்.

"அண்ணே, கேம் போட்டதுல இருந்து வெறும் வண்டி பறக்குது. டேங்க் மாட்டுனா ஸ்டோர் மேட்டுல மூச்சு வாங்குது."

"எந்த எடத்துல வாங்குது தம்பி, பெல்ட் பிடிக்கிற எடத்துலயா, அப்புறமா?"

"பிடிக்கிற எடத்துலயே."

அந்த ஒரு பதிலில் நிறைய இருக்கிறது. பெரும்பாலான பெர்ஃபார்மன்ஸ் கேம்கள் பலத்தை மேல் ஆர்பிஎம்முக்குக் கொண்டு போகின்றன. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவை திரும்ப வெளியே தள்ளப்படுகிறது. தோட்டத்துச் சரிவில் சுமையோடு நடை வேகத்தில் ஏறுகிற வண்டிக்கு அந்த மேல் ஆர்பிஎம் கிடைப்பதே இல்லை. அதனால் முதல் கேள்வி: கேம் தவறான வேலைக்கு வாங்கப்பட்டதா, அல்லது சரியான கேம் தப்பாகக் கட்டப்பட்டதா? டிகிரி வீல் (கிராங்கில் மாட்டும் கோண வட்டு) போடாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

முதலில் உண்மையான டிடிசி. மேக்னட் குறி தோராயம்தான். கேம்கள் இல்லாமல் வால்வெல்லாம் மூடியிருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் நிம்மதி. செயினை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டி, ஒரு பக்கம் மெல்லச் சுற்றித் தொடும் இடத்தைப் படியுங்கள், மறுபக்கம் சுற்றித் தொடும் இடத்தைப் படியுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்றால் முள்ளை 3 டிகிரி நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் 41 வரும்போது பூஜ்யம்தான் டிடிசி. ஸ்டாப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

அடுத்து கேமைக் கட்டி, வண்டியில் போடப்போகும் டென்ஷனரையே போட்டு, இன்டேக் பக்கெட்டின் மேல் டயல் கேஜின் முனையை வால்வுக்கு நேர்கோட்டில் நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் லிஃப்ட் தப்பாக வரும். ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் நல்ல தூரம் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். பாதியில் திருப்பினால் செயினின் தொய்வு அளவில் புகுந்துவிடும்.

1 மி.மீ. லிஃப்ட் வரும் இடத்தை எழுதுங்கள். இன்டேக் டிடிசிக்கு 12 டிகிரி முன் திறந்து, பிடிசிக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் இடம்) 44 டிகிரி பின் மூடுகிறது என்று வைப்போம். மொத்தம் 12 + 180 + 44 = 236. பாதி 118, அதில் 12 கழித்தால் 106. இன்டேக் சென்டர் லைன் (வால்வு திறந்து மூடுவதன் நடு இடம்) டிடிசிக்குப் பின் 106. எக்ஸாஸ்டும் அப்படியே: பிடிசிக்கு 46 முன் திறந்து டிடிசிக்கு 10 பின் மூடினால் 46 + 180 + 10 = 236, பாதி 118, அதில் 10 போனால் 108, டிடிசிக்கு முன். எந்த லிஃப்டில் அளக்கச் சொல்லியிருக்கிறது என்று தாளில் பாருங்கள். தாள் 1.27 மி.மீட்டரில் பேசி நாம் 1 மி.மீட்டரில் அளந்தால், திறக்கும் மூடும் எண்கள் தாளோடு ஒத்துவராது.

இப்போது கணக்கு நம் கையில். தாள் 106 என்று சொல்லி, நமக்கு 112 வந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது. துளை நீட்டிய ஸ்ப்ராக்கெட் இருந்தால், கிராங்கில் 6 டிகிரி என்பதற்குக் கேமில் 3 டிகிரி, கேம் சுற்றும் திசையிலேயே முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்திவிட்டு மறுபடி அளங்கள். சுமை இழுக்கும் வண்டிக்கு, தாள் சொல்லும் எல்லைக்குள் இன்டேக்கை இரண்டு மூன்று டிகிரி முன்னால் வைத்தால் கீழ் இழுவை திரும்பும். வால்வு சீக்கிரம் மூடும், குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் கூடும். ஆனால் இன்டேக் முன்னால் போகப் போக அந்த வால்வு பிஸ்டனை நெருங்கும். க்ளே வைத்து அளந்த இடைவெளியில் மிச்சம் இருந்தால்தான் செய்ய வேண்டும்.

டைமிங் தாளோடு ஒத்துப்போகிறது, இன்னும் பெல்ட் பிடிக்கும் இடத்திலேயே சாகிறது என்றால் சிவிடியை (பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர்) பாருங்கள். கேம் பலத்தை மேலே கொண்டுபோன பிறகும் கிளட்ச் பழைய ஆர்பிஎம்மிலேயே பிடிக்கிறது. எஞ்சின் தன் பலத்துக்கு வருவதற்கு முன்பே சுமை விழுகிறது. லேசான ரோலரோ விறைப்பான கிளட்ச் ஸ்பிரிங்கோ போட்டு, பிடிக்கும் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் உயர்த்தலாம். அதிகம் உயர்த்தினால் சரிவில் மெதுவாக ஊர முடியாது, பெல்ட் வெந்துபோகும். தோட்டத்து வண்டிக்கு என் அபிப்பிராயம் வெளிப்படையானது: டிரெய்லர் இழுக்கும் ஏடிவிக்குக் கீழ் இழுவைக்கென்று வடித்த கேம் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் கம்பெனி கேமே நல்லது. ஏலக்காய் சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் தலைச்சுமையாகத் தூக்கி வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

கீழே நன்றாக இழுக்கிறது, மேலே ஏறவில்லை

இன்டேக் அளவுக்கு மீறி முன்னால் இருக்கலாம், டிகிரி வீல் சொல்லும். டைமிங் சரியென்றால் பழைய வால்வு ஸ்பிரிங். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் எஞ்சின் நடுங்கி, சத்தம் உடைந்து, அதற்கு மேல் ஏற மறுத்தால் வால்வு மிதக்கிறது. அந்த இடத்தில் தொடர்ந்து முறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனைத் தொடும். சுத்தமாக, ஒரே மாதிரி விட்டு விட்டு வெட்டினால் அது ரெவ் லிமிட்டர், ஸ்பிரிங்குக்குச் சம்பந்தமில்லை.

மேலே டிக் டிக், அல்லது சரசரப்பு

சீராக, எஞ்சின் வேகத்தில் பாதியில் டிக் டிக் என்று கேட்டால் டேப்பெட் கேப் அதிகம். ரேஸ் கேமின் செங்குத்தான சரிவுகள் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடும், கேப் அளவில் இருந்தால் விட்டுவிடலாம். சத்தமே இல்லாமல் அமைதியாகிவிட்டது என்றால்தான் நான் கவலைப்படுவேன், கேப் மூடிவருகிறது என்று பொருள்.

செயின் பக்கம் சரசரவென்று உரசினால் டென்ஷனர் முழுசாக வெளியே வரவில்லை, அல்லது செயின் நீண்டுவிட்டது. கைத்திருகு டென்ஷனர் மாட்டியவர்கள் இதற்கு எதிர்த் தவறைச் செய்கிறார்கள்: சத்தம் போகும் வரை இறுக்கி, ஊளைச் சத்தம் வந்த பிறகும் விடுவதில்லை. அளவு மீறி இறுக்கினால் செயினும் கைடும் கேம் ஜர்னலும் (கேம் உட்கார்ந்து சுழலும் பகுதி) சேர்ந்து தேயும்.

ஹெட்டில் உலர்ந்த கிறீச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் மேலே வரவில்லை. பூட்டும்போது ஜர்னலுக்கும் மூக்குக்கும் அசெம்ப்ளி லூப் தடவியிருந்தால் முதல் சில நொடி தாங்கும், அதற்கு மேல் எண்ணெய்தான் காப்பாற்ற வேண்டும். கவர் விளிம்பில் தாராளமாகப் பூசிய சிலிகான் உள்ளே பிதுங்கி எண்ணெய்த் துளையை அடைப்பது அடிக்கடி நடக்கிறது. சில எஞ்சினில் ஹெட்டில் ஆயில் செக் போல்ட் இருக்கும், ஐடிலில் அதைச் சற்றே தளர்த்தினால் ஒரு நிமிஷத்துக்குள் எண்ணெய் கசிய வேண்டும். கிளட்ச் எண்ணெய்க்குள் நனைந்து ஓடும் வண்டி என்றால் ஜாசோ எம்ஏ தர (நனைந்த கிளட்ச் வண்டிகளுக்கான தரம்) எண்ணெய் மட்டும். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அந்தப் பழியும் கேம் மேல் விழும்.

நன்றாக ஓடியது, போகப் போக பலம் குறைகிறது

இதை யாரும் கேமோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அதனால் வாரக்கணக்கில் ஜெட்டும் பிளக்கும் மாற்றுகிறார்கள். துளை நீட்டிய ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகள் திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இல்லாமல் பூட்டப்பட்டிருந்தால், ஸ்ப்ராக்கெட் கேமின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். அழுத்திச் செருகிய ஸ்ப்ராக்கெட்டும் வழுக்கியது உண்டு. செயின் குறிகள் எல்லாம் நேராகவே நிற்கும், ஏனென்றால் குறி ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறது, மாறியது கேம். கட்டும்போதே ஸ்ப்ராக்கெட்டுக்கும் கேமுக்கும் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று கீறி வைத்துவிடுங்கள். கவரைத் திறந்ததும் கோடு உடைந்து நிற்கிறதா, ஒரே கோடாக நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். உடைந்திருந்தால் எண்ணெய்ப் பசையைச் சுத்தமாகத் துடைத்து, திரெட் லாக்கர் விட்டு, மேனுவல் டார்க்கில் இறுக்கி, மறுபடி டிகிரி அளக்க வேண்டும். கோட்டைச் சேர்த்து வைத்து மூடிவிடுவது போதாது.

கோடு நேராக இருந்தால் டேப்பெட் கேப்பை அளந்து, முதல் நாள் எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். கேப் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. சீட்டுக்குள் தூசி போனால் இது சீக்கிரம் நடக்கும், கோடையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏர் ஃபில்டர் எண்ணெய் இல்லாமல் ஓடிய வண்டிகளில் பார்க்கலாம். ஷிம்மை மெல்லியதாக மாற்றி ஒருமுறை சமாளிக்கலாம். அடுத்த சர்வீஸுக்குள் மறுபடி கேப் மூடினால் ஷிம் மாற்றுவதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றி, வால்வும் சீட்டும் பார்க்கக் கோயம்புத்தூருக்கு அனுப்புங்கள்.